அக்கரைப் பிள்ளைகள்

13 ஜூன் 1938, திங்கள்

காலையில் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். வழக்கம்போல முதல் வகுப்பை வாசிக்கச் சொன்னார், இரண்டாம் வகுப்புக்கு மனக்கணக்குப் போட்டார், பிளந்துபோன கரும்பலகையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். புறப்படும்போதுதான் அந்தச் செய்தியைச் சொன்னார். தலைக்கு இவ்வளவு என்று சர்க்கார் நம் தோட்டப் பள்ளிக்குக் கொடுக்கும் உதவிப் பணத்துக்கு மேல், இந்த வருஷம் தனியாக ஒரு தொகை வருகிறதாம். மிகவும் கஷ்டத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் அதைச் செலவழிக்க வேண்டும். அக்டோபர் கடைசித் திங்களன்று திரும்ப வருவார். அந்தப் பிள்ளைகள் ஏதாவது கற்றிருந்தால் பணம் தொடரும், இல்லையென்றால் நின்றுவிடும்.

"எதற்கு வேண்டும் என்று நீரே யோசித்து மேனேஜரிடம் சொல்லும்" என்றார்.

நானா? சாக்குக்கட்டி தீர்ந்தால்கூடப் தோட்டத்து ஆபீஸில் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி ராமையாவிடம் நாலு முறை நடந்துதான் வாங்குகிறேன். என்ன வேண்டும் என்று என்னை ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

14 ஜூன்

கிராணிக்குச் சிமெண்டுத் தரை வேண்டுமாம். "வர்ற புள்ளைங்க எல்லாமே ஏழைதானே பரஞ்சோதி? இதுல என்னா தனியா ஒரு ஏழை?" என்றார்.

நியாயமான கேள்விதான். யோசித்துக்கொண்டே ஆற்றங்கரை வரை நடந்தேன். அக்கரையில் நான்காம் டிவிஷன் லயத்து வீடுகளின் புகை தெரிந்தது. அங்கேயும் ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள் நம் தோட்டத்து ஆட்கள்தான். ஆனால் பாலம் எங்கோ கீழே, நடந்து போனால் ஒரு காலைப் பொழுது போய்விடும். அந்த லயத்திலிருந்து ஒரு பிள்ளைகூடப் பள்ளிக்கு வந்ததில்லை.

வராத பிள்ளைக்குச் சிமெண்டுத் தரை எதற்கு?

16 ஜூன்

மேனேஜர் துரையின் பங்களா. துரை தமிழ் பேசுவார், அவருக்கென்று ஒரு தமிழ். "வாத்தியார், பிள்ளைக்கு என்ன வேணும்?"

கிராணி தொண்டையைக் கனைப்பதற்குள் என் வாய் சொல்லிவிட்டது. "படகு, துரை."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். துரை ஜன்னல் வழியாக ஆற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு சரியென்று தலையை ஆட்டினார்.

19 ஜூன், ஞாயிறு

ஈசா பாயின் சாம்பான் படகில் என் மனைவி பிரேமாவும் நானும் அக்கரைக்குப் போனோம். பாய், சுங்கைப் பட்டாணி டவுனிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் கொண்டுவந்து ஆற்றோரத்தில் விற்கிறவர். காலையும் மதியமும் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்.

லயத்து ஆட்கள் கூடினார்கள். நான் பேசினேன். கடைசியில் அம்மாசி என்பவர் முன்னால் வந்தார். போன வருஷம் அவருடைய மூத்த மகனை இந்த ஆறு கொண்டுபோய்விட்டதாம்.

"படிப்பு நல்லதுதான் வாத்தியாரய்யா. போற புள்ள திரும்பி வரும்னு யாரு எனக்குச் சொல்றது?"

குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரேமாதான் பேசினாள்.

"நான் சொல்றேண்ணே. உங்க புள்ள ஏறுற படகுலதான் நானும் ஏறுவேன். காலையில வந்து கூட்டிட்டுப் போவேன், மதியம் கொண்டாந்து விடுவேன்."

வீட்டில் என்னிடம் இதை அவள் சொல்லவே இல்லை. அவளுக்கு நீச்சலும் தெரியாது!

அம்மாசி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், எட்டு வயது மகள் குணவதியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பிரேமாவின் பக்கத்தில் நிறுத்தினார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

4 ஜூலை, திங்கள்

காலையில் ஆறு முழுக்கப் பனி. எதிரே ஒன்றும் தெரியவில்லை. துடுப்புச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு வெள்ளைக்குள்ளிருந்து சாம்பானின் மூக்கு. பிறகு தலைகள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய சின்னத் தலைகள், வரிசையாக. நடுவில் பிரேமா, ஒவ்வொரு பக்கமும் இரண்டு பிள்ளைகளை அணைத்துக்கொண்டு. ஒரு பிள்ளையும் பேசவில்லை, அழவில்லை. கண்கள் மட்டும் அகலத் திறந்திருந்தன.

இக்கரைப் பிள்ளைகளும் சத்தம் அடங்கிப்போனார்கள்.

எனக்குக் கோயிலில் திரை விலகும்போது வருமே, அப்படி இருந்தது. வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

22 ஜூலை

குணவதி இன்று தன் பெயரைத் தானே எழுதினாள். சிலேட்டை அழிக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். "அழிச்சா நான் எங்க சார் போவேன்?"

அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

9 செப்டம்பர்

அக்கரைப் பிள்ளைகள் இக்கரைப் பிள்ளைகளோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். நிம்மதி.

24 அக்டோபர், திங்கள்

ஐப்பசி மழை விடவில்லை. பால் வெட்டு இல்லை, ஆட்கள் லயத்தோடு கிடக்கிறார்கள். ஆறு செம்மண் நிறத்தில் போகிறது. அடுத்த திங்கள் இன்ஸ்பெக்டர் வருகிறார். இன்று முழுவதும் பெருக்கல் வாய்ப்பாடு.

26 அக்டோபர், புதன்

எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பத்து மணிக்கே ஈசா பாய் ஓடிவந்தார். "பஞ்சிர் வருது வாத்தியாரே, பெரிய வெள்ளம், இப்பவே புள்ளைங்கள வீட்டுல சேர்த்துடணும். இன்னும் செத்த நேரம் போனா வெள்ளம் விடாது." இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். "பெத்தவங்க அந்தப் பக்கம் துடிச்சுப் போயிருவாங்க" என்று பிரேமா பிள்ளைகளை ஏற்றிக் கிளம்பிவிட்டாள். மழையில் படகு கொஞ்ச தூரத்திலேயே மறைந்துவிட்டது.

நான் கரையிலேயே நின்றேன். வெகுநேரம் கழித்து ஆற்று நடுவில் ஒன்று புரண்டு புரண்டு வந்தது. சாம்பான். கவிழ்ந்துபோன வெறும் சாம்பான்.

ஐயோ, நான் எதுக்குப் படகு கேட்டேன்? சிமெண்டுத் தரை போதும்னு இருந்திருக்கக் கூடாதா? பிரேமா, நீ எதுக்குடி ஏறுன? அம்மாசிகிட்ட நான் என்ன சொல்லுவேன்?

கரையோரமே கத்திக்கொண்டு ஓடினேன். கிராணி ராமையாவும் என் பின்னாலேயே சேற்றில் விழுந்து எழுந்து வந்தார். "பொறு பரஞ்சோதி, பொறு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

சாயங்காலம் மழை கொஞ்சம் வெளிவாங்கியது. அக்கரை மேட்டில் ஒரு பச்சைச் சேலை. பிரேமா. கூப்பிட்டாள், வெள்ளத்தின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது அவள் என்ன செய்தாள் தெரியுமா? குனிந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். இறக்கிவிட்டு அடுத்த பிள்ளை. அதை இறக்கிவிட்டு அடுத்தது. ஒவ்வொரு பிள்ளையாக, எல்லாப் பிள்ளைகளையும் தூக்கிக் காட்டினாள். கடைசியில் ஈசா பாய் தாமாகவே வந்து கையை ஆட்டினார்.

எல்லோரும் இறங்கிய பிறகுதான் கட்டியிருந்த சாம்பானை ஆறு பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது.

அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

28 அக்டோபர்

மழை இல்லை. ஆறு மட்டும் வடியவில்லை, கீழே பாலமும் தண்ணீருக்குள்தான். பள்ளி மணி அடித்து அடங்கியதும் காற்றில் ஏதோ வந்தது. பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு வெளியே ஓடினேன். அக்கரை மேட்டில், ரப்பர் மரத்தடியில், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறார்கள். முன்னால் பிரேமா நிற்கிறாள். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பிரேமா.

என் பிள்ளைகளையும் கரைக்குக் கூட்டிவந்தேன். அவர்கள் ஒரு வரி, இவர்கள் ஒரு வரி. இரண்டு பக்கத்து லயத்து ஆட்களும் வந்து நின்றார்கள். வெள்ளத்தின் மேலே பிள்ளைகளின் குரல் போய்ப் போய் வந்தது. நான் பாதியிலேயே சொல்வதை நிறுத்திவிட்டேன். நல்லவேளை, யாருக்கும் நான் தேவைப்படவில்லை.

31 அக்டோபர், திங்கள்

இன்ஸ்பெக்டர் வெள்ளத்தையும் பார்க்காமல் வந்துவிட்டார். "அந்தத் தனிப் பணத்துப் பிள்ளைகள் எங்கே?" என்றார்.

"வர முடியல சார். ஆனா பாடம் நடக்குது" என்றேன். கரைக்கு அழைத்துப் போனேன். துரையும் கிராணியும் கூட வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் வாய்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கைகளை வாயருகே குவித்துக் கத்தினார். "ஒரு வரிசைக்கு ஏழு மரம்! ஒன்பது வரிசை! மொத்தம் எத்தனை?"

அந்தப் பக்கமிருந்து எல்லாக் குரலும் ஒன்றாக: "அறுபத்து மூணு!"

"பாடமாக ஒப்பித்தது. எழுதத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். மறுபடி அக்கரைக்குக் கத்தினார். "மழை! மழை என்று எழுதுங்கள்!"

எதில் எழுதுவார்கள்? இவ்வளவு தூரத்தில் சிலேட்டு எப்படித் தெரியும்? பிரேமா குனிந்து பிள்ளைகளிடம் ஏதோ சொன்னாள். பிள்ளைகள் குச்சிகளோடு சரிவில் இறங்கினார்கள். வெள்ளம் வடிந்த ஈரச் சேறு. அதற்குக் கீழேயே ஆறு ஓடுகிறது. அப்போது அம்மாசி இறங்கி, தண்ணீருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில், கையை விரித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். அப்புறம் எல்லா அப்பன்மார்களும். முழங்கால் தண்ணீரில், கை கோத்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டியபடி.

அந்த வேலிக்கு உள்ளே பிள்ளைகள் எழுதினார்கள். முதலில் ஆள் உயரத்துக்கு ஒரு 'ம'. அடுத்து 'லை' என்று போட்டார்கள். குணவதி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள், தலையை ஆட்டினாள், காலாலேயே அழித்தாள். புதிதாகப் போட்டாள். 'ழை'.

மழை. ஆற்றின் முகத்துக்கு எதிரே.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். துரையும் கழற்றினார்.

"அங்கே நிற்கிற ஆசிரியை எந்தப் பயிற்சிப் பள்ளி?"

"என் சம்சாரம் சார். ஐந்தாவது வரைக்கும் படிச்சவ."

இன்ஸ்பெக்டர் துரையின் பக்கம் திரும்பினார். "இந்தப் பணத்தை இனிமேல் படகுக்குத் தர முடியாது."

நான் அக்கரையில் நின்ற பிரேமாவைப் பார்த்தேன்.

"அந்தக் கரையிலேயே ஒரு கூரை போடுங்கள். பணம் கூரைக்கும் அந்த அம்மாளின் சம்பளத்துக்கும்."

3 நவம்பர்

வேறு படகு பிடித்து பிரேமா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னாங்க அப்படிப் பார்க்கிறீங்க?"

"உனக்குப் பயமா இல்லையா?"

"பயந்தான். தண்ணி சத்தத்துல புள்ளைங்க தூங்கல, நானும் தூங்கல. அதான் பாடம் சொல்லச் சொன்னேன். நம்ம சத்தம் பெருசா இருந்தா அதோட சத்தம் தெரியாதில்ல?"

சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

16 ஜனவரி 1939

அக்கரையில் அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழ் பள்ளி தொடங்கியது. மரமும் ஆளும் தோட்டத்துச் செலவு. கரும்பலகைக்குக் கறுப்புப் பூசியவர் கிராணி ராமையா. யாரையும் தொட விடவில்லை.

14 மார்ச், செவ்வாய்

என் பள்ளி விட்டதும் அக்கரைக்குப் போனேன். பிரேமாவின் வகுப்பு இன்னும் முடியவில்லை. வெளியே, தூணோரம், அம்மாசி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துணிப் பொட்டலம். உள்ளே ஏதோ அசைந்தது.

பிரேமா வெளியே வந்தாள். அம்மாசி துணியை விலக்கிக் காட்டினார். சிவந்த ஒரு சின்ன முகம், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

"பொம்பளப் புள்ள, டீச்சரம்மா. நேத்துதான் பொறந்துச்சு. பேரு இன்னும் வைக்கல." அவர் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பலகைகளை ஒரு தடவை பார்த்தார். "ஒரு எடம் மட்டும் போட்டு வைங்க."

அதற்குப் பள்ளி வயதாக வேண்டுமே என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பிரேமா அதற்குள் முன்வரிசையில் இருந்த பிள்ளைகளைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னாள்.