ரோசி அக்கா கேட்ட தண்ணீர்

ஞாயிறு, இரவு.

ஆராதனை முடிந்ததும், சேக்காட்டில் புற்றுநோயோடு படுத்திருக்கும் ரோசி அக்காவுக்காக ஜெபிக்கப் போனேன். கண்ணை மூடி அரை மணி நேரம் ஜெபித்தேன். நடுவில் அக்கா முனகினாள். ஆவியானவர் தொடுகிறார் என்று நினைத்து இன்னும் சத்தத்தைக் கூட்டினேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், பக்கத்து வீட்டுச் செல்வி, ரோசி அக்காவை மடியில் சாய்த்துத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"ரோசிக்கா எம்மா நேரமா தண்ணி கேட்டுகினு கீது. நீ இன்னாடான்னா கத்திகினே கீறே!"

அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நீ கெளம்பு. அவ இருக்கட்டும்."

எனக்கு வெட்கம் வரவில்லை. செல்வியின் நெற்றியிலிருந்த திருநீற்றைப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. தேவ அன்பைப் பற்றிய கைப்பிரதி ஒன்றை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அவளுடைய இரண்டு கைகளிலும் ரோசி அக்கா இருந்தாள்.