கீழ்ப்பக்க சுவிட்ச்

பெடாஸ்
11.5.2025

புனிதன் அவர்களுக்கு,

நானும் தாயம்மா அத்தையும் நலம். அங்கே எப்படி என்று முறைக்குக் கேட்டுவைக்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். அன்றைக்கு எடுக்காத போனில் இனி உங்களோடு பேசுவதாக இல்லை. தாளில் என்றால் நடுவில் "ஒரு நிமிஷம் லா" என்று எழுந்து போக முடியாது பாருங்கள்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் காரைத் திருப்பி நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தீர்கள். நான் ஏறவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. பிப்ரவரி பதினாறாம் தேதி ஆஸ்பத்திரியில் அப்பா மூன்று தடவை "மாப்பிள வந்தாச்சா?" என்று கேட்டார். நான் உங்களுக்குப் பதினொரு தடவை போன் அடித்தேன். நீங்கள் கோலாலம்பூரில் வீடியோ கேம் சண்டைப் போட்டியில் இருந்தீர்கள். நாலு இருபதுக்கு அப்பா போய்விட்டார். ஆறரைக்கு வாசலில் வந்து நின்று, "கையில ஸ்டிக் இருந்துச்சு ரோகினி, நடுவுல நிறுத்துனா தோத்த கணக்கு, போன பாக்கவே வழியில்ல" என்றீர்கள்.

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஐந்து வருஷம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தேனே தவிர, அந்த விளையாட்டைத் தொட்டதில்லை. இப்போது தொட்டுப் பார்க்கப் போகிறேன். உங்கள் பழைய கேம் மெஷினையும், அன்றைக்குக் கையில் வைத்திருந்த ஸ்டிக்கையும் அனுப்புங்கள். மில் ஆபீஸ் முகவரிக்கே போடுங்கள், குவாட்டர்ஸ் பக்கம் பார்சல்காரன் வர மாட்டான்.

வக்கீல் கொடுத்த பிரிவு மனு என் இழுப்பறையில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் சொன்னது உண்மை என்று எனக்குப் பட்டால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வருகிறேன்.

ரோகினி


சிரம்பான்
18.5.2025

அன்பு ரோகினிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததே எனக்குப் போதும். நான் இருக்கிறேன். பால்கனியில் நீ வைத்த கறிவேப்பிலை பிழைத்துக்கொண்டது.

மெஷினை அனுப்பியிருக்கிறேன். கூட இருப்பது பேட், இரண்டு கையாலும் பிடித்து அழுத்துகிற சின்னது. ஸ்டிக்கை அப்புறம் தருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எடுத்ததும் ஸ்டிக்கில் உட்கார்ந்தால் வெறுத்துப்போகும். பேட்டில் இடது கட்டைவிரல் நடக்க வைக்கும், வலது விரல்கள் அடிக்கும். அவ்வளவுதான்.

ஆட்டத்தில் உனக்கு ஆளாக அந்தப் பெரிய உடம்புக்காரியை எடுத்துக்கொள். மெதுவாக நடப்பாள், பிடித்தால் விட மாட்டாள். முதலில் அடிக்கப் பழகாதே, தடுக்கப் பழகு. பின்பக்கம் அழுத்தினால் தடுப்பாள். காலில் அடித்தால் கீழும் பின்னும் சேர்த்து அழுத்த வேண்டும். கீழ்ப்பக்கம் இல்லாமல் இந்த விளையாட்டே இல்லை.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

உன்
புனிதன்


பெடாஸ்
8.6.2025

புனிதன் அவர்களுக்கு,

பேட் வந்தது. கட்டைவிரலில் கொப்புளமும் வந்தது. காலையில் மில் வாசலில் செம்பனை லாரிகளை எடைபோட்டுச் சீட்டு எழுதும்போது பேனா பிடிக்க முடியவில்லை. "என்னாம்மா, கை வெந்துருச்சா?" என்று ஒரு டிரைவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆன்லைனில் நாற்பத்தொரு ஆட்டம் ஆடினேன். நாற்பத்தொன்றிலும் தோல்வி. அத்தை என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இதுல எது நம்ம புள்ள? கீழ கெடக்குறதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். நாற்பத்திரண்டாவதில் ஜொகூர்க்காரன் ஒருவனை ஒரு சுற்று ஜெயித்தேன். முழு ஆட்டம் இல்லை, ஒரு சுற்றுதான். எழுந்து நின்றுவிட்டேன்.

அந்த நேரம் அடுப்பில் இருந்த சோறு குழைந்து அடிபிடித்துவிட்டது. வாசனைகூடத் தெரியவில்லை. பானையைத் தேய்க்கும்போது உங்களை நினைத்தேன். நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அப்படித் தோன்றியது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போதும், ஸ்டிக்கை அனுப்புங்கள். என் கட்டைவிரலுக்கும் பேட்டுக்கும் ஒத்துவரவில்லை.

ரோகினி


சிரம்பான்
15.6.2025

அன்பு ரோகினி,

சோறு குழைந்ததற்காக ஒருவன் சந்தோஷப்படலாமா தெரியவில்லை. நான் பட்டேன்.

ஸ்டிக் வருகிறது. மேலே நிற்கிற தடியை இறுக்கிப் பிடிக்காதே, டீ கிளாஸைப் பிடிக்கிற மாதிரி பிடி. கட்டைவிரலுக்கு இனி வேலையில்லை, மணிக்கட்டுதான் எல்லாம். ஒரு வாரம் கை சொன்னபடி கேட்காது, பேட்டில் படித்ததெல்லாம் மறந்த மாதிரி இருக்கும். பயப்படாதே.

உன்
புனிதன்


பெடாஸ்
6.7.2025

புனிதன் அவர்களுக்கு,

ஒரு வாரம் என்றீர்கள், மூன்று வாரம் ஆகிவிட்டது. பேட்டில் பத்துக்கு இரண்டு ஜெயித்துக்கொண்டிருந்தேன். ஸ்டிக்கில் மறுபடியும் பூஜ்யம். வேண்டாத நேரத்தில் குதிக்கிறாள், வேண்டிய நேரத்தில் குனிய மாட்டேன் என்கிறாள். எதிரே யார் வந்தாலும் காலிலேயே உதைக்கிறார்கள். எனக்கு வரவில்லை போலிருக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து அழுதேன். அத்தை பயந்துபோய், "மாப்பிள்ளையோட சண்ட போட்டப்பகூட நீ இப்புடி அழுவலியேடி" என்றார்.

கடைசியில் மில் எலக்ட்ரிஷியன் சுகுமாறன் அண்ணனிடம் கொடுத்தேன். அடிமூடியைக் கழற்றினார். கீழ்ப்பக்க சுவிட்ச் செத்திருக்கிறது, தடியைக் கீழே இழுத்தாலும் மெஷினுக்குத் தெரியாது. மூன்று வாரமாக நான் திட்டியது என் கையை.

உள்ளே இரண்டு கம்பிகளைப் பற்றவைத்த ஈயம் குண்டுகுண்டாக இருந்தது. பார்த்ததும் அப்பா என்று தெரிந்தது. மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டர் இராஜமாணிக்கமாக இருந்தும் ஈயத்தை மட்டும் அளவாக வைக்கப் பழகவே இல்லை. "கூட இருந்தா என்னா, வுட்டுப் போவாது" என்பார். உங்களுக்காக அவர் இதைத் திறந்து வேலை பார்த்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

செத்த சுவிட்சையா எனக்கு அனுப்பினீர்கள்?

ரோகினி


சிரம்பான்
13.7.2025

அன்பு ரோகினி,

மன்னித்துக்கொள், மன்னித்துக்கொள். சொல்ல மறந்தே போனேன். அது பிப்ரவரி போட்டியிலேயே போய்விட்டது. நாலாவது ஆட்டம், இரண்டாம் சுற்று. குனிகிறேன், குனியவில்லை. மாமா முன்பே, "இந்தச் சுவிட்ச் ரொம்ப நாள் தாங்காது மாப்பிள, மாத்திருங்க" என்று சொல்லியிருந்தார். நல்லவேளையாகப் பையில் பட்டன் பெட்டி இருந்தது. அதை மாட்டிக்கொண்டு அந்த ஆட்டத்தையே திருப்பி ஜெயித்தேன். போட்டி நடுவில் கை மாற்றி ஜெயிப்பது எல்லாராலும் முடியாது. அங்கே இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அந்தப் பெட்டியையே உனக்கு அனுப்புகிறேன். இதில் தடியே கிடையாது, எல்லாம் பட்டன்தான். இடது கை மூன்று விரலில் பின், கீழ், முன். குதிப்பதற்குக் கட்டைவிரல் பக்கம் பெரிய பட்டன். தெரியாமல் குதிக்கவே முடியாது. டைப் அடிக்கிற உன் கைக்கு இதுதான் சரி, நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

உன்
புனிதன்


பெடாஸ்
17.8.2025

அன்புள்ள புனிதனுக்கு,

பெட்டி எனக்குப் பிடித்துவிட்டது. முதல் நாள் விரல்கள் ஒன்றையொன்று தேடின, நாலாம் நாள் படிந்துவிட்டன. இப்போது பத்துக்கு ஐந்து. என் உடம்புக்காரியை யாரும் காலில் உதைத்துவிட்டுச் சும்மா போக முடியாது.

அடுத்த மாதம் பதிமூன்றாம் தேதி சிரம்பானில் சின்னப் போட்டி ஒன்று நடக்கிறதாம், பெயர் கொடுத்துவிட்டேன். நீங்கள் வர வேண்டாம், நீங்கள் பின்னால் நின்றால் எனக்குக் கை ஓடாது. ஆடி முடித்துவிட்டு அப்படியே வீட்டுக்கு வந்துவிடலாமா என்று பார்க்கிறேன். அத்தை இப்போதே என் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறார். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

ரோகினி


பெடாஸ்
14.9.2025

புனிதன் அவர்களுக்கு,

நேற்று ஏன் வரவில்லை என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

முதல் ஆட்டம் ஜெயித்தேன். நீங்கள் சொன்னது சரிதான், ஆட்டம் ஓடும்போது போனைப் பார்க்க முடியாது. நிறுத்தினால் சுற்று போய்விடும். அதை நானே உட்கார்ந்து பார்த்துவிட்டேன். மனசு லேசாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்றுகூட இருந்தேன்.

இரண்டாவது ஆட்டத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்த சீனப் பையனுடைய ஸ்டிக் பாதியில் நின்றுவிட்டது. நடுவர் வந்தார். "ரிலாக்ஸ், டேக் யுவர் டைம் லா" என்றார். அந்தப் பையன் பழையதைக் கழற்றினான். நண்பனிடம் போய் வேறு ஒன்று வாங்கி வந்தான். மெஷின் அதை ஏற்கவில்லை, மறுபடியும் மாட்டினான். ஒவ்வொரு பட்டனாக எது எதற்கு என்று வைத்தான். இரண்டு தடவை அழுத்திச் சோதித்தான். நடுவில் தண்ணீர் குடித்தான். அம்மாவோ யாரோ, போனில் இரண்டு வார்த்தை பேசினான்.

சுவரில் கடிகாரம் இருந்தது. ஏழு நிமிஷம்.

அதற்குப் பிறகு எனக்கு ஆட்டம் ஓடவில்லை, தோற்றுவிட்டேன்.

நாலாவது ஆட்டத்தில் சுவிட்ச் செத்து, பட்டன் பெட்டியை மாட்டினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஏழு நிமிஷம் உங்கள் போன் எங்கே இருந்தது?

ரோகினி


சிரம்பான்
28.9.2025

ரோகினி,

மூன்று தாள் கிழித்தாகிவிட்டது.

போன் பையில் இருந்தது. பெட்டியை எடுக்கப் பையைத் திறந்தபோது வெளிச்சமாக இருந்தது. மணி இரண்டு பத்து. உன்னுடைய ஏழு அழைப்பு. "அப்பா உங்களைக் கேக்குறாரு, சீக்கிரம் வாங்க" என்று நீ போட்ட செய்தி, திறக்காமலே மேலே தெரிந்தது. படித்தேன்.

மாமா சாகப் போகிறார் என்று நினைக்கவில்லை. இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார், சாயங்காலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்த ஒரு ஆட்டம் மட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த ஆட்டத்தை ஜெயித்தேன். கை நன்றாகப் படிந்திருந்தது. அப்புறம் இன்னும் மூன்று ஆட்டம் ஆடினேன். மூன்றாவது இடம். ஜெயித்த கோப்பை நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் என் லாக்கரில் கிடக்கிறது, வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை.

அப்போதே கிளம்பியிருந்தால் மூன்றரைக்கு வந்திருப்பேன். இந்தக் கணக்கைத் தினமும் போட்டுப் பார்க்கிறேன். வாசலில் உன் முகத்தைப் பார்த்ததும் வாய் பொய்யைச் சொல்லிவிட்டது. ஒரு தடவை சொன்ன பிறகு அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை.

வா என்று கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கூப்பிடுகிறேன். வா.

புனிதன்


பெடாஸ்
5.10.2025

புனிதன் அவர்களுக்கு,

உண்மையை எழுதியதற்கு நன்றி. கஷ்டப்பட்டு எழுதியிருப்பீர்கள் என்று தெரியும்.

நானும் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அந்தப் பையன் ஸ்டிக் மாற்றிய ஏழு நிமிஷத்தில் என் போனும் அடித்தது. அத்தை. பெயரைப் பார்த்தேன், எடுக்கவில்லை. எடுத்தால் கையில் இருந்த சூடு போய்விடும் என்று பயம். போனைப் பைக்குள் தள்ளிவிட்டேன். பிறகுதான் உங்கள் நினைவு வந்தது. அத்தை கேட்க வந்தது, மாவு ஆட்டவா வேண்டாமா என்று. அவ்வளவுதான். என் அதிர்ஷ்டம் அது மாவாக இருந்தது.

அதனால் நீங்கள் போனைக் கவிழ்த்து வைத்தது எனக்குப் புரிகிறது. அதற்காக உங்கள்மேல் இப்போது கோபம் இல்லை. வாசலில் நின்றபோதே "பார்த்தேன், வரல" என்று சொல்லியிருந்தால் உங்களை அறைந்திருப்பேன். ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் நம் வீட்டில் இருந்துகொண்டுதான் பேசாமல் இருந்திருப்பேன். நீங்கள் ஏழு மாதம் உண்மையை என்னையே தேட வைத்தீர்கள். கொப்புளத்தோடு நான் தேடியபோது, எப்படிப் பிடிப்பது என்று பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தீர்கள். அதை என்னால் தாண்ட முடியவில்லை. முயன்று பார்த்தேன்.

மனுவில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் போட வேண்டிய இடங்களில் பென்சில் புள்ளி இருக்கிறது, மொத்தம் நாலு. அத்தை என்னோடு பேசுவதில்லை. மடித்த துணிகளை அவரே அலமாரியில் திருப்பி வைத்தார்.

பேட்டும் ஸ்டிக்கும் தனிப் பார்சலில் வருகின்றன. சுகுமாறன் அண்ணன் கீழ்ப்பக்கத்துக்குப் புது சுவிட்ச் போட்டிருக்கிறார், நன்றாகக் குனிகிறது. அப்பா பற்றவைத்த பழையதை நான் எடுத்துக்கொண்டேன். ஸ்டிக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவர் உங்களுக்காகத்தான் பார்த்துக் கொடுத்தார். மெஷினையும் பட்டன் பெட்டியையும் தர மாட்டேன்.

டிசம்பரில் சிரம்பானில் மறுபடியும் போட்டி. பெயர் கொடுத்திருக்கிறேன். நீங்களும் கொடுப்பீர்கள், தெரியும். எதிரெதிரே உட்கார நேர்ந்தால் எனக்காகத் தோற்க வேண்டாம். போனை மட்டும் பைக்குள் போடாமல் மேசைமேல் நிமிர்த்தி வையுங்கள். அடித்தால் எடுத்துப் பேசுங்கள். நடுவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், சுற்று போகாது. நான் காத்திருக்கிறேன்.

ரோகினி இராஜமாணிக்கம்