மாடியில் ஆள் நடமாட்டம் உண்டா?

என் ஓட்டைக்கை அஸ்லம் அண்ணனுக்கு,

எத்தனை கேட்சை விட்டாலும் "வெயில் கண்ணுல அடிச்சிருச்சு" என்று சூரியன் மேல் பழியைப் போட்ட உனக்கு, உன் தங்கச்சி நஸ்ரின் எழுதுவது. இப்போது சூரியன் உனக்குப் பக்கமாக இருக்கிறதா? இருந்தால் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு. பாவம், ரொம்பத் திட்டு வாங்கியிருக்கிறது.

நம் கட்டடம் ஒழுகுகிறது அண்ணே. ஐப்பசி மழை ஆரம்பித்ததுமே ஹோட்டலுக்கு மேலே இருக்கும் பார்ட்டி ஹாலில் சொட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு நிச்சயதார்த்தத்தில் சரியாக மாப்பிள்ளை தலையில் ஒரு சொட்டு. பன்னீர் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த சொட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு ஒழுக்கம் இல்லை என்று என் கிளாஸ் மிஸ் அம்மாவிடம் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? அவர்களை ஒரு நடை ஹாலுக்குக் கூட்டிவந்து காட்டலாம் என்று இருக்கிறேன். நம் வீட்டில் ஒழுக்கத்துக்கா பஞ்சம்?

நீ இருந்திருந்தால் இதற்கு என் முதுகில் ஒன்று வைத்திருப்பாய். இப்போது என் கடி ஜோக்குக்கு யாரும் அடிப்பதில்லை. எல்லோரும் பாவமாகப் பார்க்கிறார்கள். அடி இவ்வளவு வலித்ததில்லை.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குச் சின்ன வெங்காயம் எடுக்கப் போனாய். திரும்பும் வழியில் அந்த லாரி. அதற்கு மேல் எழுத எனக்கு வராது. வெங்காயம் மட்டும் வீடு வந்து சேர்ந்தது. மூட்டை கூடப் பிரியவில்லை. சமைக்கவும் மனமில்லாமல், தூக்கிக் கொடுக்கவும் மனமில்லாமல் வைத்திருந்ததில் சாக்குக்குள்ளேயே முளைத்துவிட்டது.

அதோடு நாம் கிரிக்கெட் ஆடிய மாடியின் கதவுக்கும் தாழ்ப்பாள். "வயசுப் புள்ள, தனியா மாடியில நிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார் அத்தா. நீ இருந்தபோது எனக்கு வயசே இல்லையா? அப்போது நான் வெறும் பௌலர். அந்த மாடி ஒன்றில்தான் அண்ணே, யாரும் என்னை மெதுவாகப் பேசச் சொன்னதில்லை.

சரி, கூரைக்கு வருகிறேன். அத்தா கீரனூரில் இருந்து ஒரு ஷீட்காரரை வரவழைத்தார். மொட்டை மாடி முழுக்க ஒரே போர்வையாக விரித்து ஒட்டி, தண்ணீர் இறங்காமல் செய்கிறவர். பை நிறையச் சாம்பிள் துண்டுகளோடு வந்து, கல்லாவுக்குப் பக்கத்து மேஜையில் கடை பரப்பினார். கறுப்பு ரப்பர் ஒன்று, மேலே மணல் ஒட்டிய தார் ஷீட் ஒன்று, வெள்ளை பிளாஸ்டிக் ஷீட் ஒன்று.

"ரப்பரு வெயிலுக்குச் சிங்கமுங்க. ஆனா உங்க அடுப்புப் புகைக்குழா மாடியில எண்ணெயைத் துப்புதுங்க பாய். எண்ணெய் பட்டா ரப்பர் ஊதிக்கும். தாரு நெருப்பு வெச்சு உருக்கி ஒட்டணும், அதுவும் எண்ணெய்ல எளகும்" என்றார்.

"நெருப்பு கீழ எரியிறது போதும்யா, மேல வேற எதுக்கு?" என்று புரோட்டாக் கல்லில் இருந்து குரல் கொடுத்தார் மாஸ்டர் காதர் பாய்.

"அப்ப வெள்ளைதானுங்க. எண்ணெய்க்கும் அசையாது, வெயிலையும் திருப்பி அனுப்பிரும். உங்க ஹாலு குளுகுளுன்னு இருக்குமுங்க."

நான் என் பங்குக்கு ஒவ்வொரு சாம்பிள் மேலும் பந்தைக் குத்திப் பார்த்தேன். ரப்பரில் பந்து விட்டத்துக்குப் போனது. வெள்ளையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. தார் மணலில் மட்டும் நின்று திரும்பியது. உன் ஓட்டு தாருக்குத்தான் என்று எனக்குத் தெரியும். கேட்கத்தான் முடியவில்லை.

அப்படியே கறுப்பு ரப்பரில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, ஷீட்காரருக்குப் போன புரோட்டாவுக்கு அடியில் சொருகிவிட்டேன். மனுஷன் சால்னாவில் தோய்த்து இழுக்கிறார், இழுக்கிறார், வரவில்லை. "ஏனுங்க, இது எங்க ஷீட்டுங்களா, உங்க புரோட்டாவுங்களா?" என்றார். காதர் பாய் கரண்டியோடு என்னைத் துரத்தினார். முன்பெல்லாம் இதற்கு அத்தா போடும் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். அன்று அவர் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கல்லாவில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவி வந்த ஷீட்காரர்தான் அதைக் கேட்டார். "மேல ஆள் நடமாட்டம் இருக்குங்களா பாய்? யாராச்சும் நடப்பாங்களா?"

"இருந்துச்சு..." என்று ஆரம்பித்த அத்தா, மீதியை விழுங்கிக்கொண்டு, "இல்ல" என்றார்.

"இல்லீன்னா சுளுவுங்க. மெல்லிசு ஷீட்டே போதும். கதவைப் பூட்டிருங்க. எப்பவாச்சும் ஏசி மெக்கானிக்குத் தொறந்தாப் போதும். செருப்பு, ஆணி, கல்லு, பந்து, எதுவும் மேல படக்கூடாதுங்க."

எதுவும் என்றால் நான்தான். உன் மாடிக்கு வெள்ளைத் துணி போர்த்திப் பூட்டிவிடப் போகிறார்கள்.

ஆனால் ஒன்று இடித்தது. அந்தத் தாழ்ப்பாளை நான் அடிக்கடி போய்ப் பார்ப்பேன். அது ஒரு நாளைக்கு முழுதாக விழுந்திருக்கும், ஒரு நாளைக்குப் பாதியில் நிற்கும். யாரோ போய் வருகிறார்கள். கிளீனர் பையன் பீடி குடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். பிரியாணி திருடிய பூனையைப் பிடிக்க நாம் செய்தோமே, அதே வேலையைச் செய்தேன். காதர் பாய் அசந்த நேரம் இரண்டு கை மைதாவை அள்ளி மாடியின் கடைசிப் படியில் தூவி வைத்தேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் அங்கே அத்தாவின் செருப்பு. இடது குதிகாலை இழுத்து நடப்பாரே, அந்த இழுப்பு அப்படியே இருந்தது. தளத்தின் மேலும் வெள்ளை வெள்ளையாகத் தடம். அது நேராக எங்கேயும் போகவில்லை. கொஞ்சம் போய் நிற்கிறது, திரும்புகிறது, வேறு பக்கம் போய் நிற்கிறது. எதையோ தொலைத்தவர் நடை. தொலைத்தது எது என்று தெரியும். அதை ஏன் மாடியில் தேடுகிறார் என்று புரியவில்லை.

ஷீட்காரர் ஆர்டர் எழுத வந்த அன்று, அத்தா கல்லாவுக்கு அடியில் கழற்றிப் போட்டிருந்த செருப்பை எடுத்துக் கவிழ்த்து மேஜை மேல் வைத்தேன். அடியில் மைதா இன்னும் அப்பியிருந்தது.

"ஏ புள்ள, சாப்புடுற மேசையில என்ன வேலை இது?"

"மாடியில ஒருத்தர் நடக்குறாரு அத்தா."

"எவன் அவன்?"

"எடது காலை இழுத்து இழுத்து நடக்குற ஆளு. மைதாவுல முத்திரை குத்திட்டுப் போயிருக்காரு."

காதர் பாய் மாவு அடிப்பதை நிறுத்திவிட்டார். இன்றைக்கு நமக்கு உண்டு என்று நான் கதவுப் பக்கம் ஒதுங்கினேன். அத்தா கத்தவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானக் கூட்டம் ஓஞ்சதும் செத்த நேரம் போவேன்" என்றார்.

"அங்க போயி என்ன பண்றீங்க அத்தா?"

"அவன் எங்க நிப்பான்னு பாக்குறேன்." செருப்பை எடுத்துக் கீழே வைத்தார். "கீழ நின்னு கத்த மட்டும்தானே எனக்குத் தெரியும். கூத்தடிச்சது போதும், எறங்கி வாங்கன்னு. ஒரு நாளாவது ஏறி வந்து பாத்திருக்கேனா? எங்க நின்னு அடிப்பான், எந்தப் பக்கம் பாத்து நிப்பான், ஒண்ணும் தெரியலயேம்மா."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். ஷீட்காரரும் பின்னால் வந்தார். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் நீ கரியால் கிழித்த மூன்று ஸ்டம்பும் மழைக்குத் தப்பி லேசாகத் தெரிந்தன. அதற்கு முன்னால் அத்தாவை நிறுத்தினேன். அவர் உன்னைப் போல் நிற்பதாக நினைத்து நின்றார். தோளைப் பிடித்து மறு பக்கம் திருப்பினேன்.

"அண்ணன் லெஃப்ட் ஹேண்ட் அத்தா."

"எடதா? எழுதுறது, திங்கிறது எல்லாம் சோத்தாங்கையாலதானே?"

"பேட்டு மட்டும் எடது."

"எம் மகன் எடதா..." என்று சொல்லிக்கொண்டே அங்கே நின்றார். அவர் தோள் குலுங்குவதைப் பார்க்கக் கூடாது என்று நான் கட்டைச் சுவர்ப் பக்கம் திரும்பி மலைக்கோட்டையைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவர் கையால் உண்ணக் கொடுத்த பிள்ளையைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு நான் சந்தோஷப்படவா, அழவா? நீயே சொல்லேன்.

ஷீட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நடமாட்டம் உண்டுன்னு எழுதிக்கிறனுங்க பாய். தடிச்ச ஷீட்டாவே போட்டுரலாம். நடக்கிற எடத்துல மட்டும் மேல இன்னொரு பட்டை ஒட்டித் தாரேன், எத்தனை மிதிச்சாலும் தாங்கும். எங்கிருந்து எங்க வரைக்குமுங்க?" என்றார்.

அத்தா என்னைப் பார்த்தார். நான் கதவில் இருந்து என் பௌலிங் கோடு வரை நடந்தேன். அங்கிருந்து உன் ஸ்டம்ப் வரை நடந்தேன். "அம்புட்டும்" என்றார் அத்தா.

இப்போது நம் மாடி வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. வேலை முடிந்ததும் தண்ணீர் போகும் குழாய்களை அடைத்து, மாடி முழுக்கத் தண்ணீர் நிறுத்திச் சோதித்தார்கள். கீழே ஹாலில் ஒரு சொட்டு இல்லை. நானும் அத்தாவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றோம். தண்ணீர் இறங்காமல் செய்ய வழி இருக்கிறது. மற்றதற்கு யாரிடம் சாம்பிள் கேட்பது?

அம்மாதான் இன்னும் வரவில்லை. கடைசிப் படி வரை வருகிறாள், நிற்கிறாள், திரும்பிவிடுகிறாள்.

ஆகவே உனக்கு ஒரு வாக்கு. சருகு அடைக்காமல் அந்தக் குழாய் வாயை நானே கூட்டி வைப்பேன். ஒரு நாள் அம்மாவின் கையைப் பிடித்து அந்தப் பட்டை மேலேயே நடத்தி, நீ நின்ற இடம் வரை கூட்டி வருவேன். உன் இடத்தில் நான் நிற்க மாட்டேன். அங்கே அத்தா நிற்கிறார். இடது கைக்காரராக பேட் பிடிக்கப் பழகுகிறார். முதல் பந்தே கரி ஸ்டம்பில் பட்டுவிடுகிறது. நான் நோ பால் என்கிறேன் அண்ணே. உனக்கு ஒரு தடவை கூடக் கொடுக்காத நோ பால். இனி எத்தனை கேட்டாலும் கொடுப்பேன்.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்
உன் ஒரே தங்கச்சி,
நஸ்ரின்