பட்டினி போடக் கூடாத பிள்ளைகள்

அக்கா,

இன்று காலை சோள மாவுப் பாக்கெட்டைப் பிரித்ததும், அந்தப் பச்சை மாவு வாசனையோடு நீ வந்து நின்றாய். என் மகன் கதிருக்குப் பத்து வயதாகிவிட்டது. இன்னும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

குழந்தைகள் ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் நாம் பழகினோம். உன் மகள் ரேவதிக்கும் கதிருக்கும் ஒரே பிறவி நோய். கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை இரத்தத்துக்குத் திருப்பித் தராது. வயிறு காய்ந்தால் மயக்கம், வலிப்பு. கொருக்குப்பேட்டையிலிருந்து அழுதுகொண்டே வந்திருந்த என்னிடம், காத்திவாக்கத்தில் இறால் விற்கும் நீ சொன்னாய்: “அய்வாதடி. மாவ மட்டும் நேரத்துக்குக் குடு. புள்ள ஓடுவான் பாரு.” ஓடினான்.

ரேவதிக்குப் பன்னிரண்டு வயதில், தலை பின்னிவிடும்போது அந்தக் கட்டியை நீதான் பார்த்தாய். அவள் எச்சில் விழுங்கும்போதெல்லாம் கழுத்தில் ஏறி இறங்கியது. எண்ணூர் ஆலைப் புகைதான் காரணம் என்றார்கள் தெருவில். ஊசி குத்திச் சோதித்ததில் தைராய்டு புற்றுநோய் என்று வந்தது.

“ஏற்கெனவே கீற நோவு பத்தலயா சார் அதுக்கு?” என்று டாக்டரைக் கேட்டாய்.

இரண்டும் ஒரே குழந்தைக்கு வருவது மிக அபூர்வம், முதல் நோயால்தான் இது வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை என்றார் அவர். அன்றிலிருந்து கதிரின் கழுத்தைத் தொட்டுப் பார்க்காமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை.

ஆபரேஷன் அன்று துணைக்கு வந்திருந்தேன். பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார் புது நர்ஸ். குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிச் சீட்டில் எழுதியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவளுக்கு முந்தைய நோயாளியின் ஆபரேஷன் இழுத்துக்கொண்டே போனது. ரேவதிக்கு வேர்த்தது, கை நடுங்கியது. பிறகு உன்னைப் பார்த்து, “நீ யாரு?” என்று கேட்டாள்.

நீ தியேட்டர் கதவை அறைந்தாய். “எம்பொண்ணு பட்டினி கெடந்தா செத்துடும்யா! சக்கர ஏத்திட்டு அப்பால அறுங்க!” காவலாளி தோளைப் பிடித்து இழுத்தும் நீ நகரவில்லை. வெளியே வந்த மயக்க மருந்து டாக்டர் சீட்டைப் பார்த்தார். அவரே ஓடிப்போய்க் குளுக்கோஸ் ஏற்றினார். நான் சுவரோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தேன்.

மறுநாள் கட்டியை எடுத்தார்கள். ரேவதி பிழைத்தாள். நீதான் போன மழையில், காய்ச்சலோடு கூடையைத் தூக்கிப் போய், நான்காம் நாள் இல்லாமல் போனாய்.

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், அக்கா. இன்று காலை கதிர் மாவுத் தண்ணீரைக் குடிக்கும்போது, இடப்பக்கக் கழுத்தில் சுண்டைக்காய் அளவில் ஒன்று ஏறி இறங்கியது. நேற்று என் விரலுக்குத் தட்டுப்படவில்லையே என்று மறுபடி மறுபடி தொட்டேன்.

ரேவதியை வரச் சொன்னேன். அவள் தொட்டுப் பார்த்தாள். விரலை எடுக்கவே இல்லை. அப்புறம், “நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வர்றேன் சித்தி” என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். “வெறும் வயித்துல கூட்டினு வாம்மா” என்றது ஒரு குரல்.

“முடியாது” என்றேன். எனக்கே கேட்காத சத்தம். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை, உரக்கச் சொன்னேன்.