புன்னைமரப் பரணிலிருந்து எய்த அம்பு

சென்ற மாதம் 12ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணிக்குச் சுவாமிமலையில் ஒரு சிற்பக்கூடத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். காலஞ்சென்ற என் மனைவியின் பெயரில் கோயிலுக்கு ஒரு விளக்குச் செய்யச் சொல்லியிருந்தேன். பத்து மணிக்கு வரச் சொன்னவர் வரவில்லை என்ற எரிச்சலில் இருந்தபோது, உள்ளே தேன்மெழுகு உருகும் வாசனை வந்தது. அடுத்த கணம் அந்த வாசலில் நான் இல்லை. புன்னை மரத்தில், தரையிலிருந்து பதினான்கு அடி உயரத்தில், உங்கள் அருகில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் மெழுகுக் கட்டியை வில்லின் நாணில் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்களை 'நீங்கள்' என்று நான் எழுதுவது இதுவே முதல் தடவை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் நீங்கள். ஆனாலும் எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழும் குடும்பம் என்பதால், நான் உங்களை ஒருமையில் அழைத்தேன். நீங்கள் என்னைச் 'சின்னய்யா' என்றீர்கள். பரணில் மட்டும் அந்த வழக்கம் செல்லாது. முதல் நாளே சொல்லிவிட்டீர்கள்: "மரத்துல ஏறிட்டா மிராசும் கிடையாது, பண்ணையும் கிடையாது. காலை மடக்கி உக்காருடா."

ஊர் இரண்டாகப் பிரிந்திருந்த காலம் அது. உங்கள் வீட்டு வாசலில் செங்கொடி. எங்கள் வீட்டு வாசலில் போலீஸ்காரர். கூலித் தகராறு முற்றியதும் மிராசுதாரர்களின் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். என் தந்தையின் இரட்டைக்குழல் துப்பாக்கியும் போயிற்று. படிப்பை முடித்துவிட்டு வேலையின்றி இருந்த எனக்கு வேட்டை இல்லாமல் பொழுது போகவில்லை. நான் புலம்பியதைக் கேட்டு மூங்கிலை வளைத்து வில் செய்தவர் நீங்கள். கற்றாழை நாரைத் திரித்து நாண் ஏற்றினீர்கள். மான் அடிப்பது அப்போதே குற்றம் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

நம்முடையது கடைமடை ஊர். கிழக்கே கடலோரக் காடு தொடங்கிவிடும். சம்பா அறுவடைக்கு முன்பே வயலில் தெளித்துவிடும் உளுந்து, தாள்களுக்கிடையே துளிர்க்கும் தை மாதத்தில், புள்ளிமான்கள் அதை மேய வெளியே வரும். காட்டோரத்துப் புன்னையில் பரண் கட்டினோம். எத்தனை மாலைகள் எறும்புக்கடி வாங்கியதுதான் மிச்சம்! ஒருநாள் காற்று திசை மாறியது. ஒருநாள் எனக்கு இருமல். 1972ஆம் ஆண்டு ஜனவரி 23, ஞாயிற்றுக்கிழமை, கொம்புமான் ஒன்று இருபது அடியில் வந்து நின்றது. என் அம்பு அதன் முதுகுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் போயிற்று. நீங்கள் சத்தமில்லாமல் சிரித்ததில் பரணே ஆடியது. "அம்பு எங்க போகுதுன்னு அது நின்னு பாத்துட்டுப் போவுதுடா" என்றீர்கள். அன்று வீடு திரும்பும்வரை இருவரும் சிரித்தோம். என் வாழ்வில் அவ்வளவு சிரித்த வேறொரு நாளை என்னால் தேதியோடு சொல்ல முடியாது.

பரணில் நீங்கள் விதித்த சட்டங்கள் இரண்டே. மான் விலாவைக் காட்டினால் மட்டுமே எய்ய வேண்டும். அம்பு தைத்தபின், ஒரு வாய் வெற்றிலை மென்று முடிக்கும்வரை இறங்கக் கூடாது. "தொரத்தலைன்னா பக்கத்துலயே போயி படுத்துக்கும். தொரத்துனா வலியோட ஊரைச் சுத்தும்" என்பீர்கள்.

பிப்ரவரி 6, ஞாயிறு, மாலை ஐந்து மணி. இரண்டு சட்டங்களையும் நான் ஐந்து நிமிடத்தில் மீறினேன். மான் நம்மை நோக்கி நின்றது. "இரு, திரும்பட்டும்" என்று முணுமுணுத்தீர்கள். சென்ற முறை தவறவிட்ட அவமானம் எனக்கு, விட்டுவிட்டேன். அம்பு அடிவயிற்றில் தைத்தது. நீங்கள் என் தோளைப் பிடித்தீர்கள். உதறிவிட்டு இறங்கி, கத்திக்கொண்டே ஓடினேன். காட்டுக்குள் போயிருக்க வேண்டிய மான் என் கூச்சலுக்கு மிரண்டு வயல் பக்கம் திரும்பியது. உளுந்துச் செடிகளைச் சிதைத்துக்கொண்டு, ஆட்கள் போகும் சாலையை நோக்கி அது ஓடுவதைக் கண்டதும் என் கால்கள் நின்றுவிட்டன. நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். விட்டுவிடலாம், யாராவது பார்த்துவிடுவார்கள் என்றேன்.

"அடிச்சதை அப்படியே விட்டுட்டுப் போக முடியாது" என்றீர்கள். பிறகு என் கையிலிருந்த வில்லை வாங்கிக்கொண்டு, "நீங்க வீட்டுக்குப் போங்க, சின்னய்யா" என்றீர்கள். நாம் அப்போது தரையில் நின்றுகொண்டிருந்தோம்.

நான் போனேன்.

வடிகால் கரையில் மானைக் கண்டு, அதன் வேதனையை நீங்கள் முடித்துவைத்த இடத்திலேயே காட்டிலாகாக் காவலர்கள் உங்களைப் பிடித்தார்கள். கையில் வில், பக்கத்தில் மான். உடன் வந்தது யார் என்று கேட்டபோது, தனியாகத்தான் வந்தேன் என்று சொன்னீர்களாம். ஏழரை மணிக்குள் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் பயங்கொள்ளி என்ற பெயரோடு நான் தப்பியிருப்பேன். மறுநாள் திங்கட்கிழமை. குத்தகைக்காரர்களின் பெயர்களைப் பதிவுசெய்யும் விசாரணை, பகல் பதினொரு மணிக்கு, தாலுகா அலுவலகத்தில். உங்கள் தகப்பனார் காலந்தொட்டு வாய்ப்பேச்சிலேயே உழுதுவந்த ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், உங்கள் பெயரில் ஏறினால், பிறகு உங்களை எவரும் வெளியேற்ற முடியாது. எங்கள் வீட்டில் அதைப் பற்றிய கவலையைத் தவிர ஒரு மாதமாக வேறு பேச்சில்லை. நீங்கள் பிடிபட்டதைக் கேட்ட என் தந்தை, சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "நாளைக்கு நீயே போ. ஒண்ணும் பேச வேணாம். சும்மா நின்னுட்டு வா."

நான் போய் நின்றேன். பதினொன்றே முக்காலுக்குப் பியூன் வெளியே வந்து உங்கள் பெயரைக் கூப்பிட்டார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறையும் கூப்பிட்டார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அந்த வளாகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தாசில்தார் என்னை உள்ளே அழைத்து, எதிர்த்தரப்பு ஏன் வரவில்லை என்று கேட்டார். வனச்சரக அலுவலகத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள், வேறு தேதி கொடுங்கள் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், கொடுத்திருப்பார். "தெரியாதுங்க" என்றேன். ஆஜராகவில்லை என்று எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை உங்களை விட்டார்கள். சித்திரை பிறப்பதற்குள் என் தந்தை ஆறு மாவையும் திருப்பிக்கொண்டார். நீங்கள் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் உரிக்கும் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். வழியனுப்ப வரவில்லை. அன்று எனக்குக் காய்ச்சல் என்று பல ஆண்டுகள் எனக்கே சொல்லிக்கொண்டேன். காய்ச்சல் இல்லை.

பிறகு ஒரே ஒரு முறை சந்தித்தோம். 1988ஆம் ஆண்டு ஜூன் 14, செவ்வாய்க்கிழமை, பட்டுக்கோட்டை பேருந்து நிலையம். உங்கள் தலைமுடி முழுவதும் நரைத்திருந்தது. நீங்கள்தான் என்னை அடையாளம் கண்டு, டீக்கடைக்கு அழைத்துச் சென்று, என் பழைய வழக்கத்தை மறக்காமல் எனக்குச் சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னீர்கள். என் தந்தையின் மரணத்தை விசாரித்தீர்கள். பிள்ளைகளைக் கேட்டீர்கள். அந்த மானைப் பற்றிக்கூடப் பேசினீர்கள்: "ரொம்ப நேரம் அவஸ்தைப்படல. நான் போயி முடிச்சிட்டேன். அதை நெனச்சு நீங்க சங்கடப்படாதீங்க." உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வசதியாக இருந்தது.

சுவாமிமலை வாசனைக்குப் பிறகு அந்த நம்பிக்கையோடு இருக்க முடியவில்லை. நீங்கள் இறந்துபோன செய்தி சென்ற ஆண்டே வந்திருந்தது. மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, பாபநாசத்தில் வங்கி வேலையிலிருக்கும் உங்கள் மகள் வீட்டுக்குப் போனேன். யார் என்று சொன்னதும், "உக்காருங்க சார்" என்று மின்விசிறியைப் போட்டார். ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொல்ல ஆரம்பித்தேன். தாலுகா அலுவலகம் என்ற இடத்துக்கு வந்ததுமே அவர் நிறுத்திவிட்டார்.

"தெரியும் சார். பேர் கூப்பிட்ட பியூன் அந்த வாரமே அப்பாகிட்ட சொல்லிட்டாராம். நீங்க தெரியாதுன்னு சொன்னதையும் சேத்துத்தான்."

ஆறு மாவை அவர் பெயருக்கு எழுதிவைக்க விரும்புவதாகச் சொன்னேன். குரல் உயராமல், அப்பா உயிரோடு இருந்தபோது கேட்டிருக்கலாமே என்றார். அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே பட்டுக்கோட்டையில் என்னைப் பார்த்தபோது உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னீர்கள். மானைப் பற்றி நீங்களே பேச்செடுத்ததும் தெரிந்துதான். அந்த டீக்கடையில் நாற்பது நிமிடங்கள் உட்கார்ந்திருந்தோம். நான்கு இருபதிலிருந்து ஐந்து மணிவரை. இடையில் இரண்டு முறை நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டு முறையும் நான், தஞ்சாவூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.