வளையத்தை விட்டு இறங்காத குல்லா

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சௌக்கியமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருப்பவரும் நன்றாக இருக்க வேண்டும். எட்டாம் மாதம், பாத்திரம் கழுவுவதையெல்லாம் மாப்பிள்ளை தலையில் கட்டு, நான் பழகவில்லையா, அவரும் பழகிக்கொள்வார். போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம். போன மாதம் நீ அவளிடம், இந்தக் கையை வச்சுக்கிட்டு இங்க வந்து என்னம்மா பண்ணப் போற, பேசாம ரெஸ்ட் எடு என்றாயே, அக்கறையில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். அவளுக்கு அது வேறு மாதிரி தைத்துவிட்டது. விழுந்து முறிந்த மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் விரல்கள் சரியாக மடங்கவில்லை, பின்னல் ஊசி இரண்டையும் பிடித்தால் ஒன்று நழுவி விழுகிறது. குழந்தைக்கென்று வாங்கிய மஞ்சள் கம்பளி நூலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். உன் போன் வந்தால் அடுப்படியில் வேலை இருக்கிறது என்று எழுந்து போகிறாளே, அங்கே ஒரு வேலையும் இல்லை, சும்மா நின்றுகொண்டிருப்பாள். எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை.

தெருமுனை நூல் கடைக்காரம்மாவிடம் விசாரித்தேன். ஊசியே வேண்டாம், சுற்றிலும் முளை வைத்த வளையம் இருக்கிறது, ஒவ்வொரு முளையிலும் நூலை இரண்டு சுற்று சுற்றி, அடிச்சுற்றைக் கொக்கியால் தூக்கி மேல்சுற்றைத் தாண்டிப் போட்டால் பின்னல் இறங்கிக்கொண்டே வரும் என்றார். நாலு அளவில் இருந்தது. பெரியதாக வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமே என்று பெரியதை வாங்கி வந்தேன். அம்மா தொடவில்லை. சரி, நாமே பின்னி அசத்துவோம் என்று உட்கார்ந்தேன். முப்பது வருஷம் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிய கையல்லவா, நூலையும் அதேபோல விறைப்பாகச் சுற்றிவிட்டேன். கொக்கி நுழையவே இல்லை, நெம்பியதில் ஒரு முளை ஒடிந்து என் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவள், இது மோட்டார் இல்லைங்க, பச்சப்புள்ள தலை, கொஞ்சம் காத்து போக வேணாமா, அதுவும் இந்த வளையம் உங்க தலைக்கே பெருசு என்றாள். மூன்று வாரத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மறுநாள் அவளே கடைக்கு வந்தாள். இருப்பதிலேயே சின்ன வளையத்தை எடுத்து, முளையின் வெளிப்பக்கம் கொக்கி நுழையப் பள்ளம் இருக்கிறதா, முளைகள் நெருக்கமாக இருக்கின்றனவா, இல்லாவிட்டால் ஓட்டை ஓட்டையாக வருமே என்று கடைக்காரம்மாவைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டாள். கொக்கியின் பிடி மெல்லியதாக இருந்தது, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றித் தடியாக்கிக் கொடுத்தேன், நான் சுற்றியதில் அது ஒன்றுதான் உருப்பட்டது. வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு தினம் நாலு வரி பின்னுகிறாள், வலித்தால் நிறுத்திக்கொள்கிறாள். டாக்டர் அழுத்தச் சொன்ன ரப்பர் பந்தை ஒரு நாளும் தொட்டதில்லை. நேற்று கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டது, என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. குல்லா முடிந்த மாதிரிதான். கடைசி வரிக் கண்ணிகளில் நூலைக் கோத்து, உச்சியைச் சுருக்கி முடிச்சுப் போட வேண்டும், அவ்வளவுதான். பார்சலில் அனுப்பிவிடலாமே என்றேன். தலையைப் பாக்காம எப்படிங்க முடிக்கிறது, இன்னும் ரெண்டு வரி வேணுமோ என்னமோ என்று நூலை அறுக்காமல் வளையத்தோடு ஒரு பைக்குள் வைத்துவிட்டாள். அந்தப் பை பீரோவில் இல்லை, பயணப் பெட்டியில் இருக்கிறது.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நீங்கள் மூவரும் நூறு வருஷம் இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. நீ கெட்டிக்காரி, பிறந்ததும் தலையை அளந்து போனில் அனுப்பிவிடுவாய். அதை மட்டும் செய்யாதே. இப்போதே அம்மாவைக் கூப்பிட்டு, நீயே வந்து அளந்துக்கோம்மா என்று சொல்.

அவளுக்குத் தெரியாமல் எழுதும்
உன் அப்பா