மாமியின் காப்பீட்டு அட்டை

பிப்ரவரி 9

கடையில் இன்று கூட்டமில்லை. மத்தியானம் பழைய கண்ணாடி பிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு மாமி வந்து நின்றாள். என் கணவன் சிவபிரசாத்தின் அம்மா. ஆறு வருடத்துக்குப் பிறகு.

மண்டைக்காட்டிலிருந்து குழித்துறைக்குக் கண்ணாடி வாங்கவா வருவாள்? "கண்ணு சோதிக்கணுமா?" என்று கேட்டேன். முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பது போலத்தான் கேட்டேன். சோதனை அறைக்குள் வந்து திரையை இழுத்துவிடச் சொன்னாள். பிறகு ரவிக்கையின் ஊக்கைக் கழற்றினாள்.

இடது மார்பில், புன்னைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. மேல்தோல் உள்வாங்கிச் சுருங்கியிருந்தது.

"எத்தன நாளாச்சு?"

"கார்த்திகையில இருந்து. வேற ஆருகிட்ட காட்டுவேன், சொல்லு."

அந்த வீட்டைவிட்டு நான் இறங்கிய அன்று, நடையில் நிறுத்தி, நாலு பேர் பார்க்க என் பையைத் திறந்து காட்டச் சொன்னவள். மருமகள் திமிர் பிடித்தவள், என் மகனை விட்டுப் போய்விட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னவள். அவன் மஸ்கட்டில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துவது அவளுக்குத் தெரியும். எனக்கு முன்னாலேயே தெரியும்.

அவளால் ஊக்கைத் திரும்ப மாட்ட முடியவில்லை. நான்தான் மாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 10

எனக்கென்ன வந்தது? அவளுக்கு மகன் இருக்கிறான்.

பிப்ரவரி 12

லீவு சொல்லிவிட்டு நாகர்கோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

பிப்ரவரி 20

புற்றுநோய்தான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகச் சொன்னார். முதலில் ஊசி மருந்து, கட்டி சுருங்கியதும் ஆபரேஷன், அதன்பின் கதிர் சிகிச்சை. "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா? இந்த ஊசிக்கு அதிலதான் அனுமதி வாங்கணும். சீக்கிரம் எடுத்துட்டு வாங்க. தள்ளிப்போடுற நோய் இல்ல இது."

அட்டை இல்லை. அட்டை எடுக்க ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். ரேஷன் கார்டில் இன்னும் மூன்று பேர்: மாமி, அவன், நான். என் பேரை நீக்க நான் மனு கொடுத்ததே இல்லை. ஏன் கொடுக்கவில்லை? சோம்பல்தானா?

கடையில் எல்லோரும் திருவனந்தபுரம் போகச் சொல்கிறார்கள். அது வேறு மாநிலம். இந்த அட்டை அங்கே எடுக்குமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

பிப்ரவரி 24

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்திருந்தேன். இன்று கிராம அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். வி.ஏ.ஓ. மனுவைப் பார்த்துவிட்டு மாமியைப் பார்த்தார்.

"மகன் கல்ஃபுல இருக்காரு. மாசாமாசம் பணம் வருதுண்ணு நீங்களே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிய. வருமானம் இல்லண்ணு நான் எப்படி எழுத?"

தப்பு அவர்மேல் இல்லை. மகன் எதுவும் அனுப்புவதில்லை என்று மாமி அவர் முன்னால் சொல்லி, எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் மாமி, "அத மட்டும் செய்யமாட்டேன்" என்றாள். "எனக்க மவன நாலு பேரு முன்னால நாணங்கெடுத்தி எனக்கு மருந்து வேண்டாம்."

பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கத்திவிட்டேன். என்னை நாணங்கெடுத்தும்போவும் நாலு பேரு நிண்ணாவளே, அப்போ நாக்கு கூசல்லியா? கேட்டுட்டேன். ஆறு வருசம் நெஞ்சுக்குள்ள கிடந்தது. கேட்டுட்டேன்.

அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன்.

பிப்ரவரி 27

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடிக்கவில்லை.

மார்ச் 5

டாக்டர் சொல்லி இரண்டு வாரமாகிறது. மனசு கேட்காமல் மண்டைக்காட்டுக்குப் போனேன். கோயில் கொடை விழா நடப்பதால் பஸ்ஸில் நிற்க இடமில்லை. வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு ரேஷ்மி அக்கா என்னை அடையாளம் கண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்து, "மாமி காலத்த கோயிலுக்குப் போனா சாயங்காலந்தான் வருவாவ. தெனமும் அப்படித்தான்" என்றார்.

ஐந்தரைக்கு வந்தாள். வந்தவளின் விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து. முந்திரிக்கொட்டைப் பால் பட்ட விரல். அன்று கடையிலும் பார்த்திருக்கிறேன். என் கண்ணுக்கு அப்போது கட்டி மட்டும்தான் தெரிந்தது.

"கோயிலுக்கில்ல. கருங்கல் பக்கம் அண்டியாபீசுக்கு" என்றாள். முந்திரி உடைக்கிற வேலை. "நீ போன பொறவு அவன் ஒண்ணும் அனுப்பல்ல மக்கா. வெளிய சொன்னா, பெத்தவளுக்கே செய்யாதவன்னு நாலு பேரு பறைவினும்."

இந்தத் தடவை நான் கத்தவில்லை. கஞ்சி தந்தாள். குடித்தேன்.

திரும்பி வரும்போது ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் பிழைக்க வேண்டும் என்று ஓடுகிறேனா, இல்லை அந்த உண்மையை அவள் வாயாலேயே நாலு பேர் முன்னால் கேட்கவேண்டும் என்று ஓடுகிறேனா? பதில் எழுதப் பயமாக இருக்கிறது.

மார்ச் 11

காலையில் மாமியே போன் செய்தாள். "உனக்கிட்ட சொல்லியாச்சு, இனி ஆருகிட்ட மறைக்க? வில்லேஜ் ஆபீசுக்கு வா. நான் ஆள கூட்டிட்டு வாறேன்."

பெட்டிக்கடை பகவதியப்பனையும் ரேஷ்மி அக்காவையும் கூட்டி வந்திருந்தாள். வி.ஏ.ஓ. கேட்கக் கேட்கச் சொன்னாள். மகன் அனுப்புவதில்லை. அங்கே வேறு குடும்பம் இருக்கிறது. அண்டியாபீஸ் கூலிதான் வருமானம்.

"கார்டில பிந்துண்ணு ஒரு பேரு இருக்கே?"

"எனக்க மருமவ. அவ விட்டுட்டுப் போவல்ல. அவன்தான் விட்டான். நான் ஊரில பொய் சொன்னேன்."

பகவதியப்பன் பேனாவை வாங்கிக்கொண்டே, "எங்களுக்கு எப்பவோ தெரியும் செல்லக்கனி. நீ சொல்லல்ல, நாங்க கேக்கல்ல" என்றார். ரேஷ்மி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆறு வருடமாக நான் கேட்கக் காத்திருந்தது இதைத்தான். கேட்டபோது எழுந்துபோய் அவள் வாயைப் பொத்திவிடலாமா என்றிருந்தது.

மார்ச் 19

சான்று வந்தது. கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று அட்டையும் பதிந்தாயிற்று. மாமியின் விரல் ரேகை மிஷினில் விழவில்லை. கண்ணைப் படம் எடுத்துச் சரிசெய்தார்கள்.

மார்ச் 25

ஸ்கேனில் அக்குளிலும் நெறிகட்டி இருக்கிறதாம். "பரவியிருக்கு. ஆனா கைவிடுற நிலைமை இல்ல" என்றார் டாக்டர். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

முதல் ஊசி இன்று.

ஏப்ரல் 8

மாமியைப் பார்க்க மண்டைக்காட்டுக்குப் போயிருந்தபோது என் போனில் சிவபிரசாத் கூப்பிட்டான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அம்மாவ வச்சு ஊருக்குள்ள எனக்க மானத்த வாங்கினியா?" என்றான். நான் பேசுவதற்குள் மாமி போனை வாங்கினாள்.

"எனக்குத் தீனம் எண்ணு கேட்டியா மவனே? எப்படி இருக்கியண்ணு ஒரு வார்த்த கேளு. பொறவு மானத்தப் பாப்போம்."

அவன் வைத்துவிட்டான். மாமி போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை; நான்தான் வாங்கினேன்.

ஏப்ரல் 16

இரண்டாம் ஊசி. பஸ்ஸிலேயே வாந்தி. மண்டைக்காடு வரை தாங்க மாட்டாள் என்று என் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஒரு நாளைக்குத்தான் என்றாள்.

மே 6

காலையில் தலையணை முழுக்க முடி. "ஒட்ட வெட்டிவிடு மக்கா" என்று கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். நாற்காலியில் உட்காரவைத்து வெட்டினேன். பாதியில், "அண்ணைக்கு நான் உனக்குச் செய்தது..." என்று தொடங்கினாள். தலையை ஆட்டாதீங்க, கத்தரி படும் என்றேன். மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை. பின்கழுத்தில் ஒட்டியிருந்த முடியை ஊதிவிட்டேன்.

கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்று போன வாரம் சொன்னார்கள். அக்குளில் இருப்பது அப்படியே இருக்கிறது.

சாயங்காலம் கேட்டாள். "நாளைக்கு ஊசிக்கு எத்தன மணி வண்டி?"

"ஏழு."

"அப்போ அஞ்சரைக்கு என்ன எழுப்பு. ரெண்டு பேருக்கும் நானே கஞ்சி வச்சிடுதேன்."